குத்துச்சண்டைக்கு ஓர் ஊரைத் தந்த ஹவா சிங்

ஒரு குத்துச்சண்டை வீரர் தமது கையுறைகளைக் கழற்றி வைத்த பின்னர் எதைச் செய்து சீவிப்பது? கிரிக்கெட் வீரரிடம் எவரும் இக்கேள்வியைக் கேட்பதில்லை. வர்ணனை, பயிற்சி, விளம்பரம், நிர்வாகம் என்று அவருக்கு வழிகள் பல உண்டு. குத்துச்சண்டை வீரரோ முப்பது வயதைத் தாண்டும் போதே தமது துறையில் முதியவராகி விடுகிறார். அதற்குள் அவர் மூக்கெலும்பு உடைந்திருக்கும், புருவத்தில் தையல் போட்ட தழும்பு இருக்கும், கையில் சில பதக்கங்களும் இருக்கும். பதக்கத்தைக் கொடுத்து அரிசி வாங்க முடியாது என்பதை அவர் வீட்டார் அவருக்கு முன்பே அறிந்திருப்பர்.

ஹட்டனிலும் நுவரெலியாவிலும் தோட்டப்புறங்களில் உடல் வலுவும் துணிவும் உள்ள இளைஞர்களுக்குப் பஞ்சம் இருந்ததில்லை. கொழுந்துக் கூடையையும் உர மூட்டையையும் சுமந்து செங்குத்தான மலையில் ஏறி இறங்கும் ஒரு சமூகத்தின் பிள்ளைகள் அவர்கள். ஆனால் அந்த வலு ஒரு விளையாட்டாக மாறுவதற்கும், அந்த விளையாட்டு ஒரு பிழைப்பாக மாறுவதற்கும் என்ன தேவை என்பது இங்கு ஆழமாகப் பேசப்பட்டதில்லை. இதனைப் பேசுவதற்கு வட இந்தியாவின் பிவானி என்ற ஊரையும், அவ்வூரைக் குத்துச்சண்டையின் ஊராக்கிய ஹவா சிங் என்ற மனிதரையும் அறிந்துகொள்வது பயனுடையது. அவர் மறைந்து கால் நூற்றாண்டு கடந்துவிட்டது.

ஹவா சிங் 1937 டிசம்பர் 16ஆம் திகதி இன்றைய ஹரியானா மாநிலத்தைச் சேர்ந்த உமர்வாஸ் என்னும் கிராமத்தில் பிறந்தார். அப்போது ஹரியானா என்றொரு மாநிலமே இருக்கவில்லை. அது 1966 நவம்பரில்தான் பஞ்சாபிலிருந்து பிரிக்கப்பட்டது. ராஜஸ்தான் பாலைவனத்தின் விளிம்பை ஒட்டிய அந்த வறண்ட பிரதேசத்தில் மழையை நம்பிய பயிர்ச்செய்கையும், எருமை மாடுகளும், மண்ணிலே கட்டிப் புரளும் மல்யுத்தமும்தான் வாழ்க்கை. நிலம் போதாத குடும்பங்களின் ஆண்பிள்ளைகள் பருவம் எய்தியதும் படையில் சேர்வது அங்கு தலைமுறைகளாக இருந்து வரும் வழக்கம். அதைத் தேசபக்தி என்பதா, பசியின் ஏற்பாடு என்பதா என்று பிரித்துப் பார்ப்பது கடினம். இரண்டும் கலந்ததாகவே இருந்திருக்க வேண்டும். ஹவா சிங்கும் 1956இல் இந்திய இராணுவத்தில் ஒரு சாதாரணச் சிப்பாயாகச் சேர்ந்தார்.

குத்துச்சண்டையை அவர் கற்றது அங்கேதான். இந்திய உபகண்டத்துக்கு இக்கலையைக் கொண்டு வந்தவர்கள் பிரித்தானியப் படையினர் என்பதால், பாசறைகளில் வளையம் அமைத்து மோதும் பழக்கம் சுதந்திரத்துக்குப் பின்னரும் தொடர்ந்தது. படைப்பிரிவுகளுக்கு இடையிலான போட்டிகளில் வென்றால் அந்தப் பிரிவுக்கே பெருமை. ஆகவே கை நீளமுள்ள, அடி தாங்கக்கூடிய சிப்பாய்களை அதிகாரிகள் தேடிப் பிடித்தனர். அவ்வாறு தேர்ந்தெடுக்கப்பட்டவருக்குப் பயிற்சிக்கு நேரம், மேலதிக உணவு, மருத்துவ கவனிப்பு, மாதாந்தம் தவறாத சம்பளம் ஆகியன கிடைத்தன. ஏழை நாடொன்றில் ஒரு விளையாட்டு வீரருக்கு இதைவிடப் பெரிய வரம் எதுவும் இருக்க முடியாது. தோற்றாலும் அவருக்கு அடுத்த நாள் உணவு நிச்சயம்.

1960இல் நடப்புச் சம்பியனான மொஹபத் சிங்கை வீழ்த்தி மேற்குப் பிராந்தியக் கட்டளைப் பிரிவின் சம்பியனானார் ஹவா சிங். மறு ஆண்டு தேசிய அதிபார எடைப் பட்டம் அவர் கைக்கு வந்தது. அதன் பின்னர் நிகழ்ந்தது இந்தியக் குத்துச்சண்டை வரலாற்றில் அதற்கு முன்னும் பின்னும் காணாத ஒன்று. 1961 முதல் 1972 வரையான காலப்பகுதியில் தொடர்ச்சியாக 11 தடவைகள் அவர் தேசிய சம்பியனாக விளங்கினார். அதிபார எடை என்பது அக்காலத்தில் 81 கிலோகிராமுக்கு மேற்பட்ட எவரும் மோதக்கூடிய, மேல் எல்லை வகுக்கப்படாத பிரிவு. தம்மைவிட இருபது கிலோ கூடிய ஒருவரும் எதிரே வந்து நிற்கலாம். அத்தகைய பிரிவில் ஒருவர் தமது இருபத்து மூன்றாம் வயது தொடங்கி முப்பதுகளின் நடுப்பகுதி வரை அசையாது நின்றார் என்றால், அவரது உடலும் ஒழுக்கமும் எத்தகையனவாக இருந்திருக்கும் என்பதை ஊகித்துக் கொள்ளலாம்.

ஆனால் எந்தப் படை அவரை உருவாக்கியதோ அந்தப் படையே அவரது முதலாவது பெரிய வாய்ப்பையும் எடுத்துக்கொண்டது. 1962இல் ஜகார்த்தாவில் ஆசிய விளையாட்டுப் போட்டிகள் நடைபெற்ற வேளையில் சீனாவுடனான எல்லைப் பிணக்கு முற்றி யுத்தத்தை நோக்கிச் சென்றுகொண்டிருந்தது. சிப்பாயான ஹவா சிங் அப்போட்டிக்குச் செல்ல முடியவில்லை. அதே ஜகார்த்தாவில் இன்னொரு படைவீரரான பதம் பகதூர் மால் இலகு எடைப் பிரிவில் தங்கம் வென்றார். ஹவா சிங் நான்கு வருடங்கள் காத்திருக்க வேண்டியதாயிற்று. குத்துச்சண்டை வீரரின் வாழ்வில் நான்கு வருடங்கள் என்பது சிலருக்கு முழு வாழ்வு.

1966 டிசம்பரில் பாங்கொக் நகரில் அந்தக் காத்திருப்பு முடிவுக்கு வந்தது. இறுதிப் போட்டியில் அவர் எதிர்கொண்டவர் பாகிஸ்தானின் அப்துல் ரஹ்மான். இரு நாடுகளும் யுத்தம் புரிந்து ஓராண்டு சிறிது கடந்திருந்த வேளை அது. இரு நாட்டுப் பத்திரிகைகளும் அந்த மோதலை எந்தக் கண்ணோடு பார்த்திருக்கும் என்பதைச் சொல்லத் தேவையில்லை. ஹவா சிங் வென்றார். அதே ஆண்டுக்கான அர்ஜுனா விருது அவருக்கு வழங்கப்பட்டது. 1970இல் ஆசியப் போட்டிகள் மீண்டும் பாங்கொக்கிலேயே நடைபெற்றன. இம்முறை ஈரானிய வீரர் ஒம்ரான் கத்தாமியை வீழ்த்தி இரண்டாவது தங்கத்தைப் பெற்றார். அடுத்தடுத்த இரு ஆசியப் போட்டிகளில் குத்துச்சண்டைத் தங்கம் வென்ற இந்தியர் அவர் ஒருவரே. அவருக்குப் பின்னர் எத்தனையோ வீரர்கள், வீராங்கனைகள் புகழின் உச்சிக்குச் சென்றபோதிலும் இச்சாதனை இன்னமும் அவ்வாறே இருக்கிறது.

இவ்வளவு வென்றவர் ஒலிம்பிக் வளையத்தில் ஒரு தடவைகூடக் கால் வைக்கவில்லை. காரணம் அவரது திறமைக் குறைவு அன்று. 1948 இலண்டன், 1952 ஹெல்சிங்கி ஒலிம்பிக் போட்டிகளுக்குக் குத்துச்சண்டை வீரர்களை அனுப்பிய இந்தியா, அதற்குப் பின்னர் 1956, 1960, 1964, 1968 ஆகிய நான்கு ஒலிம்பிக்குகளுக்கும் ஒரு குத்துச்சண்டை வீரரையேனும் அனுப்பவில்லை. 1972இல் மியூனிக்கிற்கு மீண்டும் அணி சென்றபோது ஹவா சிங்கின் காலம் முடிந்து கொண்டிருந்தது. அந்த அணியில் முனுசாமி வேணு என்ற தமிழ்ப் பெயர் இருந்தது. ஹவா சிங்கின் பெயர் இருக்கவில்லை. ஆசியாவை வென்ற ஒருவருக்கு ஒரு விமானச் சீட்டைக் கொடுக்காத தேசம், அதே ஆண்டுகளில் ஹொக்கி அணிக்கு எந்தக் குறையும் வைக்கவில்லை.

ஹொக்கிதான் இந்தியாவின் தேசிய விளையாட்டு என்று பாடசாலைப் பிள்ளைகள் மனப்பாடம் செய்து வந்தனர். அவ்வாறு எந்த விளையாட்டும் அரசினால் பிரகடனம் செய்யப்படவில்லை என்று 2012இல் இந்திய விளையாட்டுத்துறை அமைச்சே தகவல் உரிமைச் சட்டத்தின் கீழ் பதிலளித்தது சுவையான செய்தி. ஆக, ஒரு விளையாட்டின் அந்தஸ்தைத் தீர்மானிப்பது சட்டம் அன்று; பணமும் பழக்கமும் அதிகாரமுள்ளோரின் விருப்பும்தான். இலங்கையில் 1991இல் கரப்பந்தாட்டம் தேசிய விளையாட்டாகப் பிரகடனம் செய்யப்பட்டது. தேசத்தின் பணமும் பார்வையும் எங்கு இருக்கின்றன என்பது எவருக்கும் தெரியும்.

இங்கு ஒரு வரலாற்றை நினைவுகூருவது அவசியம். கிரிக்கெட் இந்நாட்டின் உயிர்மூச்சாவதற்கு வெகுகாலம் முன்பே இலங்கைக்கு சர்வதேசத் தங்கத்தைக் கொண்டு வந்தது குத்துச்சண்டையே. 1938இல் சிட்னியில் நடைபெற்ற பேரரசு விளையாட்டுப் போட்டியில் பார்னி ஹென்றிக்கஸ் இறகு எடைப் பிரிவில் தங்கம் வென்றார். சுதந்திரம் பெற்ற 1948இல் இலண்டன் ஒலிம்பிக்கிற்குச் சென்ற இலங்கையின் முதலாவது அணியில் இருந்தோர் ஏழு பேர். அவர்களில் நால்வர் குத்துச்சண்டை வீரர்கள். டங்கன் வைட் தடை தாண்டலில் வென்ற வெள்ளிப் பதக்கம் அனைவருக்கும் நினைவிருக்கிறது. அந்த நால்வரை இன்று நினைவில் வைத்திருப்போர் மிகச் சிலரே. பிரித்தானிய அதிகாரிகளின் பெயரைத் தாங்கிய கிளிஃபர்ட் கிண்ணமும் ஸ்டப்ஸ் கேடயமும் இங்கு குத்துச்சண்டையின் பெரும் பரிசுகளாயின. கண்டியின் பாடசாலைகள் சிலவற்றுக்கு இத்துறையில் நீண்ட பாரம்பரியம் உண்டு. எனினும் கண்டியிலிருந்து நாவலப்பிட்டியைத் தாண்டி ஹட்டனை நோக்கி மலையேறும் புகையிரதத்தில் அந்தப் பாரம்பரியம் ஏறவில்லை.

ஏன் ஏறவில்லை? மலைகளில் விளையாட்டே இல்லாதிருந்ததா? நுவரெலியாவில் துரைமாருக்கென்று ஹில் கிளப் 1876இலேயே தோன்றிவிட்டது. குதிரைப் பந்தயத் திடல், கோல்ஃப் மைதானம், டிக்கோயாப் பக்கத்தில் றக்பி என்று அவர்களது விளையாட்டுக்கு மலையின் சமநிலங்கள் தாராளமாக வழங்கப்பட்டன. அந்த நிலங்களைக் காட்டிலிருந்து வெட்டிச் சமப்படுத்தியவர்களின் பிள்ளைகள் வேலிக்கு வெளியே நின்றனர். ஆயினும் துரைமாரை மாத்திரம் குறை கூறுவதில் பொருளில்லை. ஹவா சிங்கின் கதையோடு வைத்துப் பார்க்கும்போது வேறொரு காரணம் தெளிவாகத் தெரிகிறது.

ஹவா சிங் தேசிய சம்பியனாகத் தொடங்கிய 1960களில் மலையகத் தமிழரில் மிகப் பெரும்பாலானோர் எந்த நாட்டின் பிரசைகளும் அல்லர். 1948ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டம் அவர்களை நாடற்றோராக்கியது. 1964 ஒக்டோபரில் கைச்சாத்தான சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் 975,000 பேரைக் கணக்கில் எடுத்து, 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இலங்கைக்கு என்று பங்கிட்டது. எஞ்சிய 150,000 பேரின் கதி 1974 வரை முடிவு செய்யப்படவில்லை. நாடற்ற ஓர் இளைஞன் அரச உத்தியோகத்துக்கு விண்ணப்பிக்க முடியாது. இராணுவத்திலோ பொலிஸிலோ சேர முடியாது. கடவுச்சீட்டு இன்றி எந்த நாட்டின் கொடியைத் தாங்கியும் வெளிநாட்டு வளையத்தில் ஏற முடியாது. உமர்வாஸ் கிராமத்து இளைஞனுக்கு 1956இல் திறந்த கதவு, அதே வயதுடைய டிக்கோயாத் தோட்டத்து இளைஞனுக்கு இருக்கவே இல்லை. நாடற்ற நிலை சட்டத்தின்படி முற்றாக நீங்குவதற்கு 2003ஆம் ஆண்டின் சட்டம் வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. இடையில் வந்த மூன்று தசாப்த யுத்தத்தில் படைகளின் கதவு தமிழ் இளைஞனுக்கு எந்த அளவில் திறந்திருந்தது என்பதை இப்பத்தியில் விளக்க வேண்டியதில்லை. இலங்கையின் குத்துச்சண்டை வீரர்களுக்குச் சம்பளமும் சாப்பாடும் கொடுத்து வருவன பெரும்பாலும் முப்படைகளும் பொலிஸும்தான் என்பதை இதனோடு சேர்த்துப் பார்க்க வேண்டும்.

படையை விட்டால் வேறு வழியே இல்லையா, பணத்துக்காக மோதும் தொழில்முறைக் குத்துச்சண்டை இருக்கிறதே என்று கேட்கலாம். அவ்வழியில் சென்றவர்களில் மிகப் பெரியவரான அமெரிக்காவின் ஜோ லூயிஸின் வாழ்வு அதற்குப் பதில் சொல்லும். அலபாமாவில் பருத்தி பயிரிட்ட குத்தகைக் குடும்பத்தில் 1914இல் பிறந்த அவர் 1937 முதல் 1949 வரை உலக அதிபார எடைச் சம்பியனாக இருந்து, 25 தடவைகள் பட்டத்தைக் காத்தவர். இரண்டாம் உலக யுத்தத்தின்போது இரண்டு போட்டிகளின் வருமானத்தைக் கடற்படை, தரைப்படை நிவாரண நிதிகளுக்கு முழுமையாகக் கொடுத்துவிட்டுத் தாமும் படையில் சேர்ந்தார். யுத்தம் முடிந்ததும் அதே அரசின் வரித் திணைக்களம் பல இலட்சம் டொலர் கேட்டு வந்து நின்றது. கடனை அடைப்பதற்காக ஓய்விலிருந்து திரும்பி வந்து 1951இல் றொக்கி மார்சியானோவிடம் அடிபட்டு விழுந்தார். பின்னர் காட்சி மல்யுத்தம். இறுதிக் காலத்தில் லாஸ் வேகாஸ் சூதாட்ட விடுதியொன்றின் வாயிலில் விருந்தினரை வரவேற்கும் உத்தியோகம். துண்டுச் சீட்டில் எழுதிய கடனோடு ஒரு தோட்டத்திலிருந்து மறு தோட்டத்துக்குச் சென்ற பாட்டன்மாரின் பேரப்பிள்ளைகளுக்கு, உழைக்க உழைக்க வளரும் கடன் என்றால் என்ன என்று விளங்கப்படுத்தத் தேவையில்லை.

தமிழ்நாட்டிலும் தொழில்முறை மோதல்கள் நடந்தன. வட சென்னையில் மீனவரும் துறைமுகத் தொழிலாளரும் வாழ்ந்த பகுதிகளில் சார்பட்டா, இடியாப்ப நாயக்கன் என்று பரம்பரைகள் இருந்தன. சீட்டு வாங்கிக்கொண்டு கூட்டம் திரண்டது. 1980இல் முகம்மது அலியே சென்னைக்கு வந்து காட்சிப் போட்டியில் கலந்துகொண்டார். ஆனால் அங்கு மோதியவர்கள் அந்த வருமானத்தில் முதுமையைக் கழித்தார்கள் என்று கூறுவதற்கில்லை. கூட்டம் குறைந்ததும் வளையமும் மறைந்தது. இந்தப் பின்னணியில் பார்த்தால், ஹவா சிங் தமது காலம் முழுவதும் பணம் பெறாத அமெச்சூர் வீரராகவே இருந்து, படைச் சம்பளத்தில் குடும்பத்தை நடத்தியது விவேகமான பாதையே எனலாம். அவருக்கு வேறு பாதை இருந்ததா என்பது வேறு விடயம்.

படையிலிருந்து கப்டன் என்ற மதிப்புடன் ஓய்வு பெற்ற பின்னர் அவர் செய்த காரியமே அவரது வாழ்வின் சிறந்த பகுதி என்பது இக்கட்டுரையாளரின் கருத்து. பதக்கங்களை எண்ணிக்கொண்டு வீட்டிலிருக்கவில்லை. பிவானிக்குத் திரும்பி, இந்திய விளையாட்டு அதிகார சபையின் பயிற்சி நிலையத்தில் இளைஞர்களைச் சேர்த்து குத்துச்சண்டை கற்பிக்கத் தொடங்கினார். அன்றைய பிவானி வெயிலும் புழுதியும் நிறைந்த ஒரு சந்தை நகரம். அங்கு பயிற்சிக்கு வந்த பிள்ளைகள் நிலமற்ற, அல்லது சிறு நிலமுள்ள விவசாயக் குடும்பத்தவர். அவர்களிடம் அவர் கண்டது தமது இளமையையே. படையில் தாம் பெற்ற ஒழுங்கை அப்படியே அங்கு கொண்டு வந்தார்: விடியுமுன் எழுதல், ஓட்டம், பால், மோதல், உறக்கம். அவரிடம் கற்ற ராஜ்குமார் சங்வான் ஆசிய மட்டத்தில் வென்றார். பல இளைஞர்கள் குத்துச்சண்டையைக் காட்டிப் படையிலும் பொலிஸிலும் ரயில்வேயிலும் உத்தியோகம் பெற்றனர். ஒரு பிள்ளைக்கு உத்தியோகம் கிடைத்த செய்தி கிராமத்துக்குப் போனதும் பத்துப் பிள்ளைகள் வந்தனர். ஒரு விளையாட்டு ஓர் ஊரில் வேரூன்றுவது இவ்வாறுதான். மேடைப் பேச்சுகளால் அன்று.

இவ்விடத்தில் கௌர் சிங்கையும் நினைக்க வேண்டும். ஹவா சிங்குக்குப் பின்னர் இந்தியாவின் அதிபார எடையைத் தாங்கியவர் அவர். அவரும் படைவீரர், 1980இல் டில்லியில் முகம்மது அலியோடு காட்சிப் போட்டியில் நின்றவர், 1982 டில்லி ஆசியப் போட்டியில் தங்கம் வென்றவர், 1984 ஒலிம்பிக்கில் பங்குபற்றியவர். ஓய்வுக்குப் பின்னர் பஞ்சாபில் தமது கிராமத்துக்குச் சென்று விவசாயம் செய்தார். 2017இல் இருதய சிகிச்சைக்காகக் கடன்பட்டிருக்கிறார் என்ற செய்தி பத்திரிகைகளில் வெளியான பின்னரே உதவிகள் வந்தன. 2023இல் அவர் காலமானார். ஒரே படை, ஒரே எடைப் பிரிவு, ஒரே ஆசியத் தங்கம். ஒருவர் முதுமையிலும் விளையாட்டுக்குள்ளேயே வாழ ஒரு பயிற்சி நிலையம் இருந்தது. மற்றவருக்கு இருந்தது கலப்பை மாத்திரமே.

பயிற்றுநர்களுக்கான இந்தியாவின் உயர்ந்த விருதான துரோணாச்சாரியார் விருது 1999ஆம் ஆண்டுக்காக ஹவா சிங்குக்கு அறிவிக்கப்பட்டது. வழங்கும் வைபவம் 2000 ஓகஸ்ட் 29ஆம் திகதி நடைபெறவிருந்தது. அதற்கு 15 நாட்களுக்கு முன்னர், ஓகஸ்ட் 14ஆம் திகதி, பிவானியில் அவர் திடீரெனக் காலமானார். வயது 62. குடியரசுத் தலைவர் மாளிகையில் விருதை அவரது மனைவி பெற்றுக்கொண்டார். 1962இல் ஜகார்த்தா, பின்னர் ஒலிம்பிக், இறுதியில் இந்த மேடை என்று அவர் போய்ச் சேராத இடங்களின் பட்டியல் சிறியதன்று.

அவர் மறைந்து எட்டு ஆண்டுகளின் பின்னர் பீஜிங் ஒலிம்பிக்கிற்கு இந்தியாவிலிருந்து ஐந்து குத்துச்சண்டை வீரர்கள் சென்றனர். அவர்களில் நால்வர் பிவானியின் பயிற்சிக் கூடங்களிலிருந்து வந்தவர்கள். அந்நால்வரில் ஒருவரான விஜேந்தர் சிங் வெண்கலம் வென்று, குத்துச்சண்டையில் இந்தியாவின் முதலாவது ஒலிம்பிக் பதக்கத்தைப் பெற்றார். அவரை ஹரியானா அரசு பொலிஸ் அதிகாரியாக்கியது. 2015இல் மன்செஸ்டர் நகரில் தொழில்முறை வீரராக மோதத் தொடங்கிய அவர், அடுத்த ஆண்டு டில்லியில் ஆசிய பசுபிக் பட்டத்தையும் வென்றார். அதன் பின் அரசியலுக்கும் வந்து 2019இல் தேர்தலில் தோற்றார். ஹவா சிங்கின் காலத்தில் ஒரே பாதையாக இருந்தது இன்று பல கிளைகளாகப் பிரிந்திருக்கிறது என்பதற்கு இது ஓர் அடையாளம். ஆனால் அக்கிளைகள் எல்லாம் முளைத்தது அந்த முதல் சம்பளத்தில், அந்த முதல் பயிற்சிக் கூடத்தில்தான்.

மலையகத்துக்குத் திரும்புவோம். கிரிக்கெட் மைதானம் ஒன்றுக்குத் தேவையான சமநிலம் பெரும்பாலான தோட்டங்களில் கிடையாது. கண்டியிலிருந்து முத்தையா முரளிதரன் 800 விக்கெட்டுகளை வீழ்த்தி உலகை வியக்க வைத்ததால் மலைச்சரிவில் மைதானங்கள் முளைத்துவிடவில்லை. குத்துச்சண்டை வளையத்துக்கு வேண்டியதோ இருபது அடிச் சதுரம். தோட்டத்தின் பெரட்டுக்களம் போதும். எடைப் பிரிவுகள் இருப்பதால் சிறிய உடலுக்கும் அங்கு இடமுண்டு. 1998 பாங்கொக் ஆசியப் போட்டியில் தங்கம் வென்ற டிங்கோ சிங், மணிப்பூரில் அநாதை இல்லத்தில் வளர்ந்தவர். மோதியது 54 கிலோப் பிரிவில். அவருக்குச் சோறு போட்டது இந்தியக் கடற்படை. அவரைப் பார்த்தே மேரி கோம் இத்துறைக்கு வந்தார்.

உடல் சிறிதாக இருப்பது வேறு, உணவின்றிச் சிறுத்துப் போவது வேறு. 2016ஆம் ஆண்டின் குடித்தொகை மற்றும் சுகாதார ஆய்வின்படி நாட்டில் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் 17 வீதத்தினர் வயதுக்கேற்ற உயரமின்றி வளர்ச்சி குன்றியிருந்தனர். பெருந்தோட்டத் துறையில் அது ஏறத்தாழ 32 வீதம். பிவானியில் பயிற்சிக்கு வந்த பிள்ளையின் வீட்டில் ஓர் எருமையாவது நின்றது. லயத்துப் பிள்ளையின் வீட்டில் என்ன இருக்கிறது என்பதை அறியாமல் கையுறைகளை மட்டும் அன்பளிப்புச் செய்வோர், பிள்ளைகளோடு நின்று படம் பிடித்துக்கொண்டு போகலாம். அவ்வளவே.

வேலைவாய்ப்பும் அவ்வாறே. மாகாண சபைகள், பிரதேச சபைகள், தோட்டக் கம்பனிகள், வங்கிகள் ஆகியவற்றுள் ஏதேனும் ஒன்று ஆண்டுக்கு இரண்டு குத்துச்சண்டை வீரருக்கேனும் நிரந்தர உத்தியோகம் தந்தால், ஹட்டனிலும் தலவாக்கலையிலும் பயிற்சிக் கூடம் தானாகவே நிரம்பும். பயிற்றுநராக வருவதற்குக் கொழும்பிலிருந்து எவரையும் அழைத்து வர வேண்டியதில்லை. முதல் தலைமுறையில் உத்தியோகம் பெற்ற ஒருவர் ஊருக்குத் திரும்பி வந்தால் போதும். ஒலிம்பிக்கிலிருந்தே குத்துச்சண்டை நீக்கப்படலாம் என்று சில வருடங்களாக நிலவிய ஐயமும் 2025 மார்ச் மாதத்தில் தீர்ந்து, 2028 லொஸ் ஏஞ்சல்ஸ் போட்டியில் அது இடம்பெறும் என்று உறுதியாகிவிட்டது.

2025 செப்டெம்பரில் லிவர்பூல் நகரில் உலக குத்துச்சண்டைச் சம்பியன்ஷிப் போட்டிகள் நடைபெற்றன. இந்திய மகளிர் இரண்டு தங்கம், ஒரு வெள்ளி, ஒரு வெண்கலம் வென்றனர். நால்வரும் ஹரியானாவைச் சேர்ந்தவர்கள். 80 கிலோவுக்கு மேற்பட்ட பிரிவில் வெள்ளி வென்ற நூபுர் ஷியோரான், இறுதிப் போட்டியில் போலந்து வீராங்கனையிடம் மிகக் குறைந்த வித்தியாசத்தில் தோற்றவர். அவர் ஹவா சிங்கின் பேத்தி. பிவானியில் அவருக்குக் குத்துச்சண்டை கற்றுக்கொடுத்தவர் அவரது தந்தை, ஹவா சிங்கின் மகன்.